தாவர எண்ணெயில் ஓடும் எஞ்சின்: விவசாயிக்கு உதவியா, உபத்திரவமா?

அண்மைக் காலமாக நம்மிடம் வரும் விவசாயக் குடும்பங்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. வெள்ளவத்தையில் ஏதோ ஓர் ஒழுங்கைக்குள் வாடகை அறையில் இருந்துகொண்டு, வன்னியில் விட்டுவந்த வயலை வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வருபவர்கள் கேட்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் துறைமுக வேலையை நம்பிச் சீவியம் நடத்திக்கொண்டு, ஊரில் காணி விடுபடும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கேட்கிறார்கள். ஏற்கெனவே ஊர் திரும்பி இரண்டொரு போகம் பார்த்துவிட்டவர்களும் கேட்கிறார்கள். "டீசல் விற்கிற விலையில் உழவுக் கூலி கொடுத்துக் கட்டாது, சுவாமி. தேங்காய் எண்ணெயில் எஞ்சின் ஓட்டலாம் என்கிறார்களே, அது உண்மையா?" வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும், அங்கே பொரித்த எண்ணெயில் கார் ஓடுகிறது என்று சொல்லி இந்த ஆவலைக் கூட்டியிருக்கிறார்கள்.

உண்மைதான், ஓட்டலாம். ஆனால் எந்த எஞ்சினை ஓட்டலாம், எந்த எண்ணெயில் ஓட்டலாம், எவ்வளவு சூட்டில் ஓட்டலாம், யாருடைய செலவில் ஓட்டலாம் என்று அடுத்த நான்கு கேள்விகளையும் கேட்காமல் இறங்குகிறவர், டீசல் காசை மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினையே இழந்துவிடுவார். இடம்பெயர்ந்து, எல்லாவற்றையும் இழந்து, கடன்பட்டு ஒரு லான்ட்மாஸ்டர் வாங்கிய குடும்பத்துக்கு இது விளையாட்டல்ல. ஆகவே இவ்விடயத்தைச் சற்று ஆறுதலாக ஆராய்வது நல்லது என்று கருதுகின்றோம்.

நூறு வருடத்துக்கு மேலான பழைய சங்கதி

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். ருடோல்ஃப் டீசல் என்ற ஜேர்மனியப் பொறியியலாளர் 1897ஆம் ஆண்டு அவுக்ஸ்பேர்க் நகரில் தமது எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்தக் காரணத்தால்தான் பலவிதமான எண்ணெய்களையும் அது சீரணிக்கக் கூடியதாக இருக்கிறது.

1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில், ஒரு பிரெஞ்சுக் கம்பனி சிறிய டீசல் எஞ்சின் ஒன்றை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. இதைப் பின்னாளில் டீசலே எடுத்துரைத்துள்ளார். அந்தச் சோதனையை விரும்பியது பிரெஞ்சு அரசாங்கம். ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் நிலக்கடலை தாராளமாக விளைகிறது, நிலக்கரியையும் எண்ணெயையும் கப்பலில் ஏற்றாமல் அங்கேயே எஞ்சின்களை ஓட்டலாம் என்பது அவர்களுடைய கணக்கு. ஆக, இந்த யோசனை பிறந்தபோதே அதற்குள் இரண்டு முகங்கள் இருந்தன. தன் நிலத்தில் விளைந்ததைக்கொண்டு தன் எஞ்சினை ஓட்டலாம் என்பது ஒரு முகம். பிறர் நிலத்தில் விளைவதை நமது தேவைக்கு எடுக்கலாம் என்பது மற்ற முகம். இந்த இரண்டாவது முகத்தை மறந்துவிடக்கூடாது. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்குத் திரும்பி வருவோம்.

பின்னர் நிலத்துக்கு அடியிலிருந்து வந்த எண்ணெய் மலிவாகியது. எஞ்சின்களும் அந்த மெல்லிய எண்ணெய்க்கு ஏற்றபடியே வடிவமைக்கப்பட்டன. தாவர எண்ணெய் மறக்கப்பட்டது. யுத்தமோ தடையோ வரும்போது மட்டும் மனிதர்கள் அதை மீண்டும் நினைத்துக்கொள்கிறார்கள்.

தடைக் காலத்தில் கற்ற பாடம்

இதை நம்மவருக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, உரம், சீமெந்து எல்லாம் தடைப்பட்டன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. உசுப்பிவிடுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். டீசல் வண்டிகளுக்கு மண்ணெண்ணெயுடன் தாவர எண்ணெயைக் கலந்து ஊற்றினார்கள்.

அது குருட்டுத்தனமான காரியம் அல்ல. மண்ணெண்ணெய் தண்ணீர் மாதிரி மெல்லியது. டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டிய வழுவழுப்பு அதில் போதாது. தனி மண்ணெண்ணெயில் ஓடினால் பம்ப் தேய்ந்துவிடும். தாவர எண்ணெயோ தடிப்பானது, ஆனால் நல்ல வழுவழுப்பு உடையது. இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். கராஜ்களில் எண்ணெய்க் கறையோடு நின்ற நமது மெக்கானிக்குகள் எந்த ஆய்வுகூடமும் இல்லாமல், கையாலும் காதாலும் இதைக் கண்டறிந்தார்கள். புகை கண்ணை எரித்தது. எஞ்சின்களின் ஆயுள் குறைந்தது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார், வெங்காயம் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே 1990ஆம் ஆண்டில், பசிபிக் சமுத்திரத்தில் புகன்வில் என்ற தீவின் மீதும் இதே மாதிரி ஒரு தடை விழுந்தது. பங்குனா என்ற இடத்தில் மாபெரும் செப்புச் சுரங்கம் தங்கள் நிலத்தையும் ஆற்றையும் பாழாக்குகிறது என்று மக்கள் கிளர்ந்தார்கள். 1989இல் சுரங்கம் மூடப்பட்டது. பப்புவா நியூகினி அரசாங்கம் தீவை முற்றுகையிட்டது. மருந்தும் எரிபொருளும் போகவில்லை. அந்த மக்கள் தேங்காயைத் துருவி, எண்ணெய் காய்ச்சி, டீசல் வண்டிகளுக்கு ஊற்றினார்கள். சிறு ஓடைகளில் மின்சாரம் எடுத்தார்கள். முற்றுகை முடிந்து பல வருடங்களுக்குப் பின்னும் அங்கே சிறிய ஆலைகள் தேங்காய் எண்ணெயைச் சுத்திகரித்து வாகனங்களுக்கு விற்றதாக 2007ஆம் ஆண்டுச் செய்திகள் கூறின.

ஒரே காலத்தில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள் கூட்டங்கள் ஒரே வழியைக் கண்டுபிடித்தன. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். ஆனால் அந்தப் பழமொழியின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஆலை உள்ள ஊரில் யாரும் இலுப்பைப்பூவைச் சர்க்கரை என்று சொல்லி விற்பதில்லை.

சூடாக்குவது ஏன்?

இனி விடயத்துக்கு வருவோம். மார்கழிப் பனிக்குத் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து வெள்ளையாக நிற்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையத் தொடங்கும். உறையாத போதுகூட, சாதாரண வெப்பத்தில் தாவர எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு தடிப்பானது. எஞ்சினின் நொசில் எரிபொருளைப் பனிப்புகார் போலத் தூவ வேண்டும். தடித்த எண்ணெயை அது துளி துளியாகவே கக்கும். துளி முழுமையாக எரியாது. எரியாத மிச்சம் நொசில் நுனியிலும் பிஸ்ரன் வளையங்களிலும் கரியாகப் படியும். இன்னும் கொஞ்சம் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். நாளடைவில் அந்த ஒயில் களி போல இறுகிவிடும். அன்றைக்கே எஞ்சினின் கதை முடியும்.

எண்ணெயை 70, 80 பாகை வரை சூடாக்கினால் தடிப்பு வெகுவாகக் குறைந்து டீசலுக்கு அண்மையாக வரும். சூடாக்கும் முறையின் சாரம் இவ்வளவே. உலகத்தில் பலரும் கைக்கொள்வது இரட்டைத் தாங்கி முறை. ஒரு சிறிய தாங்கியில் டீசல், மற்றத் தாங்கியில் எண்ணெய். டீசலில் எஞ்சினை எடுப்பார்கள். எஞ்சின் சூடேறி, அதைக் குளிர்விக்கும் தண்ணீரும் சூடானதும், அந்தச் சுடுதண்ணீர்க் குழாயை எண்ணெய்த் தாங்கிக்குள்ளும் பில்டரைச் சுற்றியும் ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்குவார்கள். பிறகு திறப்பைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவார்கள். வேலை முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மறுபடி டீசலுக்கு மாற்றி, குழாய்க்குள்ளும் நொசிலுக்குள்ளும் எண்ணெய் தங்காதபடி கழுவி எடுத்தபின்பே நிறுத்துவார்கள். இந்தக் கடைசிச் செயலை மறந்தால் அடுத்த நாள் காலை எஞ்சின் எழும்பாது.

இதில் கவனிக்க வேண்டியவை பல. எண்ணெயில் தண்ணீர் இருக்கக்கூடாது. சூடான தாச்சியில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. ஆறுதலாகக் காய்ச்சி அதைப் போக்க வேண்டும். சில நாள் அசையாமல் வைத்து, மண்டி அடியில் தங்கியபின், தெளிந்ததை மட்டும் எடுத்து நெருக்கமான துணியிலும் பிறகு நல்ல பில்டரிலும் வடிக்க வேண்டும். செம்புக் குழாய் வேண்டாம். செம்பு எண்ணெயை விரைவில் பழுதாக்கும், இரும்பே நல்லது. சாதாரண இறப்பர்க் குழாய் ஊறி வீங்கிவிடும். எஞ்சின் ஒயிலை வழக்கமான காலத்தின் பாதியிலேயே மாற்ற வேண்டும். பாரம் இல்லாமல் எஞ்சினை வெறுமனே உறுமவிட்டால் கரி அதிகம் படியும். எண்ணெயைத் திறந்த அடுப்பில் வைத்துவிட்டு அப்பால் போகக்கூடாது. இந்த வேலையில் வீடு எரிந்தால் மிச்சம் பிடித்த டீசல் காசால் கூரை போட முடியாது.

இரசாயன முறையில் எண்ணெயை மாற்றி உண்டாக்கும் உயிர்டீசல் வேறு சங்கதி. பிலிப்பைன்ஸ் நாடு 2006ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, தேங்காய் எண்ணெயிலிருந்து எடுத்த உயிர்டீசலை 2007 முதல் டீசலோடு நூற்றுக்கு ஒரு பங்காகக் கலக்கத் தொடங்கியது. 2009இல் அதை இரண்டு பங்காக்கியது. அதற்கு மெதனோலும் காரசோடாவும் வேண்டும். மெதனோல் கண்ணைக் குருடாக்கும், உயிரையும் எடுக்கும். அதை வீட்டுக் கோடிக்குள் செய்து பார்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கின்றோம்.

எந்த எஞ்சினுக்கு ஆகாது?

நமது வாசகர்களுக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பலர் வைத்திருக்கும் மண்ணெண்ணெய் வோட்டர் பம்ப் டீசல் எஞ்சின் அல்ல. அது பிளக் போட்டு, தீப்பொறியால் ஓடுவது. அதற்குள் எந்தத் தாவர எண்ணெயையும் ஊற்றக்கூடாது. சூடாக்கினாலும் ஓடாது, பழுதாகிவிடும். மீன்பிடி வள்ளங்களின் மண்ணெண்ணெய் மோட்டாருக்கும் இதே கதிதான்.

டீசல் எஞ்சின்களிலும் புதிய வகை வாகனங்களுக்கு இது ஆகாது. கணினி கட்டுப்படுத்தும், மிக உயர்ந்த அழுத்தத்தில் தூவும் பம்புகள் கொண்ட இன்றைய பிக்கப், வான் போன்றவற்றில் ஊற்றினால் திருத்தச் செலவு வாகனத்தின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். தவணைக் காசுக்கு எடுத்த புதிய உழவு இயந்திரத்தில் ஊற்றினால் உத்தரவாதமும் போய்விடும். மெதுவாகச் சுழலும், கனமான, பழைய காலத்து எஞ்சின்களே இந்த எண்ணெயைத் தாங்கக்கூடியவை. அரிசி ஆலைகளில் பெரிய சில்லோடு ஓடிய லிஸ்டர் மாதிரியான எஞ்சின்கள் இந்த வகை. ஜேர்மனியில் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், அரசாங்க உதவியுடன் நூற்றுக்கும் மேற்பட்ட உழவு இயந்திரங்களைக் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயில் ஓட்டிச் சோதித்தார்கள். தேர்ந்த தொழிலாளர்கள் மாற்றியமைத்த அந்த இயந்திரங்களிலும் சில பெரும் பழுதைக் கண்டன. நன்கு படித்துப் பொறுமையாகச் செய்த இடத்திலேயே அப்படியென்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

தேங்காய்க் கணக்கு

இனி வரவு செலவுக்கு வருவோம். ஒரு லீற்றர் தேங்காய் எண்ணெய் எடுக்க ஏறத்தாழ எட்டுத் தேங்காய் வேண்டும். செக்கு பழையது என்றால் பத்தும் ஆகும். நன்றாகப் பராமரித்த ஒரு தென்னை வருடத்துக்கு 50, 60 காய் தரும். ஆகவே பத்து லீற்றர் எண்ணெய் என்பது 80 தேங்காய். ஒரு மரத்தின் ஒரு வருட விளைச்சலைவிட அதிகம். அந்தப் பத்து லீற்றரும் சில ஏக்கர் உழவோடு தீர்ந்துபோகும். போதாததற்கு, ஒரு லீற்றர் தாவர எண்ணெயில் உள்ள சக்தி ஒரு லீற்றர் டீசலில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்களவு குறைவு.

கடையில் தேங்காய் எண்ணெய் விற்கும் விலையையும் டீசல் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரண காலத்தில் நல்ல தேங்காய் எண்ணெயை எஞ்சினுக்கு ஊற்றுவது பாலைக் கொண்டு முற்றம் தெளிப்பது போன்றது. 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் 2025இலும் தேங்காய்த் தட்டுப்பாட்டால் சம்பல் அரைக்கவே தயங்கிய வீடுகளை நாம் அறிவோம். பளை, முகமாலைப் பகுதிகளில் எறிகணையால் தலையிழந்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட கன்றுகளின் காயை முதலில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். எஞ்சின் அதன் பிறகுதான்.

சாப்பிடாத எண்ணெய்கள்

அப்படியானால் சாப்பாட்டுக்கு உதவாத எண்ணெய் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. புங்கம் விதையை இந்தியாவில் ஒரு முறை நன்றாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசா, 1990களின் இறுதியில் கர்நாடகத்தின் கக்கனஹள்ளி என்ற வறண்ட கிராமத் தொகுதியில் புங்கம் எண்ணெயால் டீசல் ஜெனரேற்றர்களை ஓட்டி, கிணற்று நீரை வயல்களுக்கு இறைக்க வழிசெய்தார். அங்கே வெற்றி கிடைத்தமைக்குக் காரணங்கள் உண்டு. மரங்கள் ஏற்கெனவே வேலியிலும் வரம்பிலும் நின்றன. விதையைப் பொறுக்கியவர்கள் ஊரவர்கள். எஞ்சின் ஊருக்குப் பொதுவானது. பிண்ணாக்கு வயலுக்கு உரமாகத் திரும்பியது. புதிதாக ஒரு ஏக்கர் நிலமும் பறிபோகவில்லை.

நமது பக்கத்தில் வேம்பும் இலுப்பையும் புங்கும் உண்டு. வேப்பெண்ணெயைப் பூச்சி விரட்டப் பயன்படுத்துவதே அதிக லாபம். அதை எரிப்பது வீண். வன்னியில் குளக்கரைகளிலும் கோயில் வளவுகளிலும் நிற்கும் இலுப்பைகளின் விதையைப் பொறுக்கிச் செக்கிலிட்டால் ஒரு சங்கத்தின் பொது எஞ்சினுக்கு ஓரளவு எண்ணெய் கிடைக்கலாம். ஆனால் இன்று நடும் இலுப்பை காய்க்கப் பத்து வருடமாவது வேண்டும். இது பேரப்பிள்ளைகளுக்குச் செய்யும் ஆயத்தம்; இந்தப் போகத்துக்கு மருந்தல்ல.

காட்டாமணக்கின் கதையை விரிவாகச் சொல்ல வேண்டும். 2003ஆம் ஆண்டு இந்தியத் திட்டக் கமிஷன் அதைப் பெரும் மருந்தாக அறிவித்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, எண்ணெய் சொரியும் என்றார்கள். 2017இல் டீசலில் ஐந்தில் ஒரு பங்கு உயிர்டீசலாக இருக்கும் என்று 2009இல் இலக்கும் வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஏராளமான விவசாயிகள் நட்டார்கள். கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு கண்டது வேறு: விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, நீர் பாய்ச்சக்கூடிய வசதிபடைத்தவர்களுக்கே ஓரளவு பயன், சிறு விவசாயிகளுடைய நிலத்தில் நிலக்கடலை போன்ற உணவும் தீவனமும் தரும் பயிர்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. பலர் பிடுங்கி எறிந்தார்கள். விதையும் பிண்ணாக்கும் நஞ்சாகையால் மாட்டுக்கும் வைக்க முடியவில்லை. தரிசு என்று கந்தோரில் இருப்பவர்கள் எழுதியது ஏழையின் மேய்ச்சல் நிலமாகவும் விறகுக் காடாகவும் இருந்ததை யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் முதலில் சொன்ன இரண்டாவது முகம் தலைகாட்டுகிறது. எரிசக்தி என்ற நல்ல பெயரில் நிலம் கைமாறுவது நமக்குப் புதிதல்ல. 2006இல் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள், தங்கள் வயலும் வளவும் அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழில் வலயத்துக்கும் குறிக்கப்பட்டதைப் பல வருடம் முகாம்களிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் பெரும்பகுதி காணி திரும்பியது. 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. ஆனால் இடைப்பட்ட பத்து வருடத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆகவே, பாழாய்க் கிடக்கும் உங்கள் காணியில் எண்ணெய்ப் பயிர் செய்யலாம், இருபது வருட ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள் என்று யாராவது வந்தால், பேனையை எடுக்குமுன் பத்துப் பேரிடம் கேளுங்கள். இடம்பெயர்ந்தவனின் காணி பாழாய்க் கிடப்பது அவன் சோம்பலால் அல்ல.

கொழும்பின் பொரித்த எண்ணெய்

கொழும்பில் இருப்பவர்கள் கேட்பது வேறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வடையும் ரோல்சும் பொரிக்கும் சாப்பாட்டுக் கடைகளின் கழிவெண்ணெயைச் சேர்க்கலாமா? பிரித்தானியாவில் 2007 முதல், ஒருவர் வருடத்துக்கு 2,500 லீற்றர் வரை இப்படியான எரிபொருளை உற்பத்தி செய்யவோ பாவிக்கவோ வரி கட்டத் தேவையில்லை என்று சலுகை கொடுத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்லும் கதையின் மூலம் அதுதான். உண்ணக் கூடாத எண்ணெயை எரிப்பதால் யாருடைய சோறும் குறையாது. மாறாக, திரும்பத் திரும்பப் பொரித்துக் கறுத்த எண்ணெய் ஏழைகளின் வயிற்றுக்குப் போகாமலும், கானில் ஊற்றப்படாமலும் தடுக்கப்படும்.

ஆனால் அதைச் சுத்திகரிப்பதே பெரும்பாடு. உப்பும் தண்ணீரும் மாத்துணுக்கும் புளித்த அமிலமும் அதில் உண்டு. அமிலம் பம்பை அரிக்கும். ஒரு லொறி வைத்திருக்கும் சிறு கூட்டம் ஒன்று இதை முறையாகச் செய்து பார்க்கலாம். இரண்டு அறையில் ஆறுபேர் சீவிக்கும் வீட்டுக்குள் பீப்பாயில் எண்ணெய் சேர்க்கும் யோசனை வேண்டாம்.

நமது நிலைப்பாடு

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு நாம் சொல்வது இது.

முதலாவது, உணவாகும் எண்ணெயைச் சாதாரண காலத்தில் எரிக்கக் கூடாது. முற்றுகைக்கும் பஞ்சத்துக்கும் அது ஒரு தற்காப்பு. அந்த வித்தை கையில் இருக்கட்டும். அன்றாடப் பழக்கமாக வேண்டாம்.

இரண்டாவது, செய்வதானால் தனியாளாகச் செய்ய வேண்டாம். கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ ஒரு பழைய எஞ்சினை எடுத்து, ஒரு போகம் முழுவதும் ஓட்டி, ஒயில் மாற்றிய நாள், நொசில் கழற்றிய நாள், செலவு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிப் பார்க்கட்டும். நட்டம் வந்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். தனிக் குடும்பம் நட்டத்தைத் தாங்காது.

மூன்றாவது, நீர் இறைப்பதற்கு இன்று சூரிய ஒளிப் பம்பே கூடிய பொருத்தம். வெயில் உள்ள நேரத்தில்தான் பயிருக்குத் தண்ணீரும் வேண்டும். எரிபொருளும் இல்லை, புகையும் இல்லை. எண்ணெய் எஞ்சின் உழவுக்கும் சூடடிப்புக்கும் ஏற்றி இறக்கலுக்கும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் சிந்திய எண்ணெய் நேரே கிணற்றுக்கு இறங்கும். சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரத்தில் உயர் நீதிமன்றம் 2019இல் நட்டஈடு செலுத்த உத்தரவிடும் வரைக்கும் சென்றது. தாவர எண்ணெய் மண்ணில் மக்கிப்போகும் என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் அதோடு கூட வரும் எஞ்சின் ஒயில் மக்காது. சூரியப் பம்புக்கு ஓர் எச்சரிக்கை: செலவில்லை என்பதற்காக நாள் முழுவதும் இறைத்தால் நன்னீர் வற்றி உவர் ஏறும்.

நான்காவது, இது அரசாங்கத்துக்கு. 2022 ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவை தவிர்ந்தோருக்கு எரிபொருள் நிறுத்தப்பட்டபோது, உழுகிறவனும் அறுக்கிறவனும் வரிசையில் நாட்கணக்காக நின்றார்கள். அதே ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலாக ஏறியது. பின்னர் சீனா அன்பளிப்புச் செய்த டீசல் 2022/23 பெரும்போகத்தில் கமநல சேவை நிலையங்கள் ஊடாக நெல் விவசாயிகளுக்குப் பகிரப்பட்டது நல்ல காரியம். ஆனால் இப்படியான பங்கீடுகளெல்லாம் பதிவேட்டில் பெயர் உள்ளவனைத்தான் தேடி வரும். காணி உறுதியைத் தொலைத்தவர்கள், குத்தகைக்குச் செய்பவர்கள், கணவனை இழந்து கணவன் பெயரில் உள்ள வயலைச் செய்யும் பெண்கள், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்திலிருந்து இன்று திரும்பிவரும் முஸ்லிம் குடும்பங்கள் ஆகியோரின் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் ஏறவேண்டும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் விவசாயத்துக்கென எரிபொருள் ஒதுக்கீடு சட்டமாக இருக்க வேண்டும். இது நடந்தால் எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் தேடவேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடைக் காலத்தில் எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்த மெக்கானிக்குகளுக்கு இன்று வயது போய்விட்டது. சிலர் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். சிலர் ரொறன்ரோவில். சிலர் இப்போது இல்லை. எந்த எண்ணெயை எந்த விகிதத்தில் கலந்தார்கள், எந்தப் பம்ப் தாங்கியது, எது உடைந்தது என்பதை அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு கையோடு போய்விடும். உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் எழுதி எடுங்கள். தவறாகப் போனவற்றையும் எழுதுங்கள். அவைதான் அடுத்தவரின் எஞ்சினைக் காப்பாற்றும். எழுதியதை உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஒரு பிரதி வையுங்கள், நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் பகிர்ந்துகொள்வோம்.